வைரஸ் வேட்டைக்கு முன்னோடி!

குட்டீஸ்... கம்ப்யூட்டரில் புகும் வைரசை, 'ஆன்டி வைரஸ்' எப்படிப் பிடிக்கிறது தெரியுமா?

ஏற்கனவே பிடிபட்ட வைரசின் அடையாளத்தை, ஒவ்வொரு பைலிலும் தேடிப் பார்ப்பது ஒரு வழி. இதில், புது வைரஸ் தப்பி விடும். நல்லதும், கெட்டதுமாக ஏராளமான பைல்களைப் பார்த்துப் பழகி, புதிதாக வருவதை எடை போடுவது இன்னொரு வழி. இதில், சில நேரம் நல்ல பைலும் மாட்டி விடும். அதனால், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றனர்.

ஆன்டி வைரஸ் வருவதற்கு வெகு காலம் முன்பே, இந்த இரண்டு வழிகளிலும் சிந்தித்தவர், ஆலன் டூரிங்.

லண்டனில், 1912, ஜூன் 23ல் பிறந்தார். அப்பா, சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ்., அதிகாரி. அம்மா பிறந்த ஊர், நம் கோவை அருகே உள்ள போத்தனூர்!

1926ல், புதுப் பள்ளியில் சேரக் கிளம்பியபோது, வேலை நிறுத்தத்தால் ரயில் ஓடவில்லை. 13 வயது ஆலன் அசரவில்லை. கிட்டத்தட்ட, 100 கி.மீ., சைக்கிள் மிதித்தே போய்ச் சேர்ந்தார்!

கணிதத்தில் புலியான அவருக்கு, இரண்டாம் உலகப் போரில் பெரிய சவால் வந்தது. ஜெர்மனி, 'எனிக்மா' கருவியால் செய்திகளைச் சங்கேதமாக மாற்றி அனுப்பியது. அதன் அமைப்பு தினமும் மாறும். போலந்து கணித மேதைகள் முதலில் வழி திறந்திருந்தனர். டூரிங், வானிலை அறிக்கையில் கட்டாயம் வரும் சொற்களை ஊகித்து, சங்கேத எழுத்துகளோடு பொருத்திப் பார்த்தார். எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. எனவே, ஓர் எழுத்து ஒத்துப் போனாலும், அந்த இடம் தவறு! மிச்சமிருந்த சாத்தியங்களைச் சோதிக்க, 1940ல் ஓர் இயந்திரமும் உருவானது. கடலில் பல கப்பல்கள் தப்பின.

1950ல், இயந்திரத்துக்கு எல்லாவற்றையும் நாமே சொல்லித் தராமல், குழந்தையைப் போல் அதைக் கற்க வைக்கலாம் என எழுதினார்.

ஆனால், ஓர் ஆணை நேசித்ததற்காக, 1952ல் அவரை நீதிமன்றம் தண்டித்தது. அன்றைய சட்டம் அப்படி. அவரது போர்ப் பணி ரகசியம் என்பதால், நாட்டையே காத்தவர் என்பது மக்களுக்குத் தெரியாது. 1954, ஜூன் 7ல், 41 வயதில் இறந்தார்.

2013ல் பிரிட்டன் அரசு மன்னிப்பு வழங்கியது. 2021ல், 50 பவுண்டு நோட்டில் அவர் படம் இடம் பெற்றது. தாமதமாக வந்த மரியாதை தான்!

இனி, ஆன்டி வைரஸ் எச்சரிக்கை மணி அடித்தால், போத்தனூர் அம்மாவின் பிள்ளையை நினைச்சுக்கோங்க, குட்டீஸ்!