இடம் பெயர்ந்தும் மூடாத கல்விக்கூடம்: டாக்டர் ஜாகிர் உசேன் வாழ்வில் ஜாமியா

டாக்டர் ஜாகிர் உசேன் என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவது, இந்தியாவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் என்னும் பதவியே ஆகும். இளையான்குடியில் 1970இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்பதையும் பலர் அறிவர். ஆயினும் அன்னாரது எழுபத்திரண்டு ஆண்டு வாழ்வில் குடியரசுத் தலைவராக விளங்கிய காலம் இரண்டாண்டுகளுக்கும் குறைவே. இருபத்திரண்டு ஆண்டுகளை அவர் செலவிட்டதோ, மூடிவிடலாமா என்னும் கேள்வி ஓயாமல் எழுந்துகொண்டிருந்த ஒரு சிறிய கல்விக்கூடத்தில். அந்தப் பகுதியை மட்டுமே ஈண்டு விரித்துரைக்க விழைகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. எந்தப் பட்டப்படிப்பை எந்த வளாகத்தில் வைப்பது, எதனை வேறிடத்துக்கு மாற்றுவது, மாணவர் குறைந்த பாடத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்னும் வினாக்கள் இன்று பல்கலைக்கழகங்கள்தோறும் பேசப்படுகின்றன. நம் தருமபுரி மாவட்டமும் இதற்குப் புறம்பானதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த இப்பகுதிக் கல்லூரிகள், 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் அதன் எல்லைக்குள் வந்தன. அப்பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையமும் நம் மாவட்டத்திலேயே அமைந்தது. சேலம் வரை பேருந்தேறிச் சென்று படிக்க இயலாத ஒரு பெண்ணுக்கு இம்மாற்றங்களின் பொருள் என்ன என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இத்தகைய முடிவுகளை எதிர்கொண்ட ஒரு பெருமகனாரின் வரலாறு நமக்குப் பயன்படும் என நம்புகிறோம்.

ஜாகிர் உசேன் 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். முன்னோர் உத்தரப்பிரதேசத்துக் காயம்கஞ்சில் குடியேறிய பட்டாணியர். வழக்கறிஞராக விளங்கிய தந்தையார் பிதா உசேன் கான் 1907இல் மறைந்தார். எட்டாவாவில் உள்ள இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1911இல் கொள்ளைநோய் அன்னையாரையும் கொண்டு சென்றது. பெற்றோரை இழந்த அப்பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்து அலிகாரில் சர் சையது அகமது கான் நிறுவிய கல்லூரியில் சேர்ந்தார். 1918இல் பட்டம் பெற்று அங்கேயே மேற்படிப்பைத் தொடர்ந்தார். அமைதியான அரசுப் பணியொன்று அவருக்காகக் காத்திருந்தது என்றே கருதலாம்.

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகாருக்கு வந்தனர். ஆங்கில அரசின் உதவியில் நடக்கும் கல்விக்கூடங்களைத் துறக்குமாறு மாணவரை அழைத்தனர். கல்லூரி நிருவாகம் அதற்கு இசையவில்லை. மாணவரும் ஆசிரியருமாக ஒரு சிறு கூட்டம் வெளியேறியது. அவர்களுள் ஜாகிர் உசேனும் ஒருவர். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் மௌலானா மகமூதுல் ஹசன் அவர்கள் அலிகாரிலேயே ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் தேசியப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்தார். ஹகீம் அஜ்மல் கான் வேந்தரானார். மௌலானா முகமது அலி முதல் துணைவேந்தரானார். வகுப்புகள் கூடாரங்களிலும் வாடகை வீடுகளிலும் நடந்தன. பழைய கல்லூரியும் அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒரே ஊரில் இரு பல்கலைக்கழகங்கள். ஒன்றிடம் கட்டடமும் மானியமும் அரசு ஏற்பும் இருந்தன, மற்றொன்றிடம் இவற்றுள் எதுவும் இல்லை.

ஜாகிர் உசேன் மேற்படிப்புக்காகச் செருமனி சென்று பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆராய்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வேளாண்மையின் அமைப்பே அவரது ஆய்வுப் பொருள். 1926இல் முனைவர் பட்டம் பெற்றார். படிப்பினிடையே மிர்சா காலிபின் கவிதைத் தொகுப்பை அழகிய சிறு நூலாக பெர்லினிலேயே அச்சிட்டார் என்பது, இலக்கியத் துறையினராகிய நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தியாகும். அங்கேதான் ஆபித் உசேன், முகமது முஜீப் ஆகியோரின் நட்பும் உறுதிப்பட்டது.

அதற்குள் ஜாமியாவின் நிலை மோசமாகியிருந்தது. ஒத்துழையாமை இயக்கம் 1922இல் நிறுத்தப்பட்டது. துருக்கியில் கிலாபத் 1924இல் ஒழிக்கப்பட்டது. கிலாபத் குழுவிடமிருந்து வந்த பணம் நின்றது. எந்த இயக்கத்துக்காகப் பல்கலைக்கழகம் தோன்றியதோ அந்த இயக்கமே ஓய்ந்த பிறகு அதனை ஏன் நடத்தவேண்டும் எனப் பலர் வினவினர். இவ்வினா நேர்மையானதே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மூடிவிட வேண்டும் என்றவர் அனைவரும் கல்வியின் பகைவர் அல்லர். அவருள் பலர் அதற்காக உழைத்துக் களைத்தவர்கள். மூடவேண்டாம் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். பணமே தடையென்றால் தாமே பிச்சையெடுக்கவும் ஆயத்தம் என்றார் எனக் கூறுவர். பெர்லினில் இருந்த மூன்று நண்பர்களும், தாங்கள் திரும்பிவரும் வரை பொறுத்திருக்குமாறும், தம் வாழ்வை ஜாமியாவுக்கே அளிக்க அணியமாயிருப்பதாகவும் செய்தி அனுப்பினர்.

முடிவில், மூடுவதற்கு மாற்றாக 1925இல் ஜாமியா தில்லிக்கு இடம்பெயர்ந்தது. அஜ்மல் கானும் டாக்டர் அன்சாரியும் தில்லியில் வாழ்ந்தவர்கள். அருகிருந்து பேண அவர்களால் இயலும். கரோல்பாகில் அஜ்மல் கான் நிறுவிய திப்பியா மருத்துவக் கல்லூரியும் இருந்தது. அப்பகுதியிலேயே வாடகைக் கட்டடங்கள் அமர்த்தப்பட்டன. பொறுப்பேற்பவர் வீட்டு வாயிலுக்கே கல்விக்கூடம் செல்வது என்னும் இம்முறையில் ஓர் எளிய அறிவு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

1926இல் நாடு திரும்பிய ஜாகிர் உசேன் துணைவேந்தரானபோது வயது இருபத்தொன்பது. உடன் வந்த இருவரும் ஆசிரியராயினர். பகலில் வேலை செய்வோர் படிக்க மாலை வகுப்புகளைத் தொடங்கியது அவரது முதற்பணிகளுள் ஒன்று. 1927 டிசம்பர் இறுதியில் ஹகீம் அஜ்மல் கான் காலமானார். செலவில் விழுந்த துண்டைத் தம் கைப்பணத்தால் நிரப்பிவந்தவர் அவர். வேந்தர் போனார், கடன் மட்டும் நின்றது. மூடும் பேச்சு மீண்டும் எழுந்தது.

இம்முறை விடையளித்தவர்கள் ஆசிரியர்களே. 1928இல் அவர்கள் ஒரு கல்விச் சங்கமாக ஒன்றுசேர்ந்து, இருபது ஆண்டுகள் ஜாமியாவிலேயே பணிபுரிவதாகவும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் கேட்பதில்லை எனவும் உறுதி பூண்டனர். பல்கலைக்கழகத்தை நடத்தும் பொறுப்பு அச்சங்கத்திடம் வந்தது. 150 என்பது உச்ச வரம்பே. கையில் கிடைத்தது அதனினும் குறைவு, அதுவும் தவணை தவறியே வந்தது. பெர்லின் முனைவருக்கு வேறிடத்தில் கிடைத்திருக்கக்கூடிய ஊதியத்தோடு இதனை ஒப்பிட்டால் தியாகத்தின் அளவு விளங்கும். ஆனால் இத்தியாகத்தைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் ஆசிரியர்களோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பணத்தில் குடும்பம் நடத்திய ஷாஜகான் பேகம் அம்மையாரும் ஏனைய ஆசிரியர் இல்லத்துப் பெண்டிரும் உறுதிமொழியில் கையெழுத்திடாமலே அதனை நிறைவேற்றியவர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜாமியா அளித்த பட்டத்தை ஆங்கில அரசு ஏற்கவில்லை. அரசுப் பணிக்கு அது உதவாது. ஆதலின் கல்லூரி வகுப்புகளில் மாணவர் தொகை சிறிதாகவே இருந்தது, தொடக்கப்பள்ளியோ வளர்ந்தது. கொள்கையின் விலையை ஆசிரியர் மட்டும் கொடுக்கவில்லை. வேலைக்கு உதவாத பட்டத்தோடு வெளியேறிய மாணவரும் கொடுத்தனர். ஜாகிர் உசேன் இதனை அறியாதவர் அல்லர். பட்டப்படிப்பைச் சிறிய அளவில் விடாது தொடர்ந்துகொண்டே, வலிமையைச் சிறுவர் பள்ளியில் குவித்தார் அவர். துணைவேந்தரே குழந்தைகளுக்குக் கதைகள் எழுதினார். பெர்லினில் அறிமுகமான யூதப் பெண்மணி கெர்டா பிலிப்ஸ்போர்ன் வந்து அச்சிறுவர்களைப் பேணி, 1943இல் மறைந்து, ஜாமியா மண்ணிலேயே அடக்கமானார்.

வாடகைக் கட்டடங்கள் போதாமல் போயின. தில்லிக்குத் தெற்கே, யமுனைக் கரையை ஒட்டிய ஓக்லா என்னும் சிற்றூரில் நிலம் வாங்கப்பட்டது. 1935 மார்ச் 1ஆம் நாள் அங்குப் பள்ளிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் தலைவரோ செல்வரோ அல்லர்; ஜாமியாவில் படித்த மாணவருள் மிக இளைய சிறுவன்! 1936இல் அச்சகம், மக்தபா எனப்பட்ட பதிப்பகம், நூலகம் ஆகிய மூன்றும் நீங்கலாக ஏனைய பிரிவுகள் ஓக்லாவுக்குச் சென்றன. இந்தப் பிரிவினை நம் கவனத்துக்கு உரியது. விற்பனையும் வாசகரும் நகரத்தில் இருந்தமையால் அச்சகமும் பதிப்பகமும் கரோல்பாகில் நின்றது பொருத்தமே. நூலகம் பின்தங்கியது கல்லூரி வகுப்புகளுக்கு இடர்ப்பாடாகவே இருந்திருக்கும். இரு வளாகமாகப் பிரியும் எந்தக் கல்விக்கூடத்திலும் நூல் ஓரிடம், வாசிப்போர் ஓரிடம் என்னும் நிலை நேர்வது இன்றும் நாம் காண்பதே.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் பயனாக அடிப்படைக் கல்விக் குழு அமைந்தபோது அதன் தலைவராக ஜாகிர் உசேன் அமர்த்தப்பட்டார். கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்கும் அத்திட்டத்துக்கு ஆசிரியரை உருவாக்க, 1938இல் ஜாமியாவில் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு தொடங்கியது.

1946 நவம்பரில் வெள்ளிவிழா. நாடு வகுப்புக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த நேரம். ஒரே மேடையில் ஒருபுறம் ஜின்னாவும் பாத்திமா ஜின்னாவும் லியாகத் அலி கானும், மறுபுறம் நேருவும் ஆசப் அலியும் இராசகோபாலாச்சாரியாரும் வீற்றிருந்தனர். (இராசாசி பிறந்த தொரப்பள்ளி அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது, 1965 முதல் 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்து, இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது.) இவர்களை ஓரிடத்தில் அமர்த்துவது அந்நாளில் எளிதன்று. விழாத் தலைவர்களைப் புகழ்வதோடு துணைவேந்தர் அமையவில்லை. பகைத் தீயை முதலில் அணைக்குமாறு அவர்களை முகத்துக்கு நேரே வேண்டினார்.

அடுத்த ஆண்டே அத்தீ அவரையும் நெருங்கியது. 1947 ஆகஸ்டில் காசுமீரம் நோக்கிச் சென்றவர் ஜலந்தர் இரயில் நிலையத்தில் கொலைவெறிக் கும்பலிடம் அகப்பட்டார். ஒரு சீக்கியப் படை அதிகாரியும் ஓர் இந்து இரயில்வே அலுவலரும் காத்ததால் உயிர் பிழைத்தார். செப்டம்பரில் கரோல்பாகில் விட்டுவந்த பகுதி சூறையாடப்பட்டது. மக்தபாவும் அதன் புத்தகங்களும் தீக்கிரையாயின. ஜாமியாவுக்கு நேர்ந்த இழப்பை ஏழு இலட்சம் ரூபாய் என மதிப்பிட்டனர். ஓக்லாவுக்குப் பெயர்ந்த பிரிவுகள் தப்பின. ஊருக்கு வெளியே போகிறார்களே என்று 1936இல் வருந்தியோர் எவரேனும் இருந்திருப்பின், அவர்கள் இதனை எண்ணிப் பார்த்திருப்பர்.

1948இல் மௌலானா ஆசாத் முதலியோரின் விருப்பப்படி ஜாகிர் உசேன் அலிகார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எதனை உதறி வெளியேறினாரோ அதே கல்விக்கூடம்! பிரிவினைக்குப் பின் ஆசிரியரும் மாணவரும் பலர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட, அலிகார் இனித் தேவையா என்னும் கேள்வி எழுந்திருந்தது. 1956 வரை அங்கிருந்து அதனை நிலைபெறச் செய்தார். ஓக்லாவில் அவர் இடத்தை முஜீப் ஏற்றார்.

பின்வந்தவை பலரும் அறிந்தவை: 1957இல் பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத்தலைவர், 1963இல் பாரத ரத்னா, 1967 மே 13இல் குடியரசுத் தலைவர். ஜாமியாவின் பட்டங்களுக்குச் சட்ட ஏற்புத் தந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி 1962இல்தான் வந்தது. மத்தியப் பல்கலைக்கழகமானது 1988இல். 1969 மே 3ஆம் நாள் பதவியில் இருந்தபடியே அன்னார் இறையடி சேர்ந்தார். ஓக்லாவில், ஜாமியா வளாகத்தில், பள்ளிவாசலுக்கும் நூலகத்துக்கும் அருகே அவரது அடக்கத்தலம் உள்ளது. அந்நூலகம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.