அலன் டியூரிங் (1912–1954)

கணித மேதை அலன் டியூரிங் 1912 இல் இலண்டனில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் இரகசியக் குறியீடுகளை உடைப்பதில் பெரும் பங்காற்றினார்.

போரின் பின்னர் இவர் உயிரியலை நாடினார். விலங்குகளின் தோலில் புள்ளிகளும் கோடுகளும் எவ்வாறு தோன்றுகின்றன? ஒன்றோடொன்று தாக்கமுறும் இரு இரசாயனப் பதார்த்தங்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால் அவை தோன்றலாம் என 1952 இல் சமன்பாடுகளால் காட்டினார். மன்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியிலும் கணித்துப் பார்த்தார்.

அதே ஆண்டில் தன்பாலுறவுக்காக நீதிமன்றம் இவரைத் தண்டித்தது. 1954 இல், 41 ஆவது வயதில், சயனைட் நஞ்சினால் இறந்தார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

1990 இல் பிரான்சின் போர்டோ நகர ஆய்வுகூடத்தில், இரசாயனத் தாக்கமொன்றில் அத்தகைய புள்ளிகள் தோன்றின. கணித மாதிரி எதிர்வுகூறும். பரிசோதனையே அதை உறுதிப்படுத்தும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.