ஜார்ஜ் ஸ்மித்தும் நினிவே நகரின் மண்ணேடுகளும்

இலண்டன் மாநகரிலே, பாங்கு நோட்டுக்கள் அச்சிடுவதற்குரிய தகடுகளில் நுண்ணிய கோடுகள் செதுக்குந் தொழிலைப் பயின்றுவந்த இளைஞர் ஒருவர், நண்பகலில் உணவுக்கென விடப்படும் சிறு பொழுதைப் பெரும்பாலும் உணவிற் செலவிடுவதில்லை. அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விரைந்து சென்று, ஆங்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்த உடைந்த மண் ஓடுகளின்மேற் கண்வைத்து நிற்பார். அவரே பின்னாளில் உலகறிந்த ஜார்ஜ் ஸ்மித். 1840 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26 ஆம் நாள் செல்சி என்னும் பகுதியில் எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பதினான்காம் வயதில் அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. கல்லூரி வாயிலை மிதிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. கல்லூரி மலரொன்றில் அவர் வரலாற்றை எழுதும்போது இதனை நினையாதிருத்தல் நமக்கு இயலவில்லை.

அவ்வோடுகள் யாவை எனச் சிறிது கூறுவாம். திருமறையிலே யோனா தீர்க்கதரிசி அனுப்பப்பட்ட நகரம் நினிவே. அசீரியப் பேரரசின் தலைநகராகிய அதனை, கி.மு. 612 ஆம் ஆண்டில் பாபிலோனியரும் மேதியரும் கூடி அழித்தனர். அரசன் அசூர்பானிபால் அரிதின் தொகுத்து வைத்த நூல்நிலையமும் தீக்கிரையாயிற்று. ஆயினும் அந்நூல்கள் ஓலையிலோ தோலிலோ எழுதப்பட்டவை அல்ல. ஈரக் களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்துக்களாக அழுத்தப்பட்டவை. நூல்நிலையங்களை அழிக்கும் நெருப்பு இந்நூல்நிலையத்தைச் சூளையிலிட்ட செங்கல்லைப்போல் உறுதியாக்கியது எனலாம். டைகிரிஸ் ஆற்றங்கரையில் மோசூல் நகருக்கு எதிரேயுள்ள குயுஞ்சிக் மேட்டில், 1850 ஆம் ஆண்டையொட்டி லேயார்டு என்பாரும், 1853 இல் மோசூல் ஊரினராகிய ஹொர்முஸ்து ரஸ்ஸாம் என்பாரும் அவற்றை அகழ்ந்தெடுத்தனர். ரஸ்ஸாமின் பெயர் அவர் காலத்து ஆங்கிலேயரால் போதிய அளவு போற்றப்படவில்லை என்பது நம் கருத்து. சிறியவும் பெரியவுமாக 30,000-க்கு மேற்பட்ட ஏடுகளும் துண்டுகளும் இலண்டனைச் சேர்ந்தன.

அவ்வெழுத்தைப் படிக்கும் வழியைப் பாரசீக நாட்டுப் பெகிஸ்தூன் மலைக்கல்வெட்டின் துணையால் ராலின்சன் முதலிய அறிஞர் கண்டிருந்தனர். அப்படிப்பு மெய்யோ பொய்யோ என ஐயுற்றோர் பலர். 1857 இல் ஒரே கல்வெட்டைத் தனித்தனியே நால்வரிடம் கொடுத்து, அவர்தம் மொழிபெயர்ப்புக்களை ஒப்புநோக்கியபோது, பொருள் பெரும்பாலும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே ஐயம் அகன்றது. அப்பொழுது ஸ்மித்துக்கு வயது பதினேழு. ஆசிரியர் எவருமின்றி, ராலின்சன் வெளியிட்ட நூல்களையே ஆசிரியராகக் கொண்டு அவர் அவ்வெழுத்தைக் கற்றார். தகட்டில் மயிரிழை போன்ற கோடுகளைப் பிரித்தறியப் பழகிய கண், தேய்ந்த மண்ணில் ஓர் ஆப்புக்கும் மற்றோர் ஆப்புக்கும் உள்ள வேற்றுமையை எளிதிற் பிரித்தறிந்தது. வயிற்றுக்காகக் கற்ற தொழில் இவ்வாறு உதவியது வியப்பே.

மியூசியத்துக் கீழ்த்திசைப் பிரிவின் தலைவர் சாமுவேல் பர்ச் இவ்விளைஞரைக் கண்ணுற்று ராலின்சனுக்கு அறிவித்தார். 1866 இல், இஸ்ரவேல் அரசன் யெகூ அசீரிய மன்னன் சல்மனேசருக்குத் திறை செலுத்திய ஆண்டினை ஸ்மித் ஆய்ந்து வெளியிட்டார். மறுவருடமே மியூசியத்தில் உதவியாளராக அமர்த்தப்பெற்றார். 1871 இல் அசூர்பானிபாலின் வரலாற்றுக் கல்வெட்டுக்களை மொழிபெயர்த்து அச்சிட்டார். சைப்பிரசுத் தீவின் பழைய எழுத்தைப் படிக்கவும் வழிகாட்டினார்.

1872 ஆம் ஆண்டு வந்தது. ஏடுகளை வகை பிரித்துக்கொண்டிருந்த ஸ்மித்தின் கையில் பாதி உடைந்த ஓர் ஏடு கிடைத்தது. அதில் கப்பலொன்று நிசிர் என்னும் மலைமேல் தங்கியதாகவும், ஒரு புறா வெளியே விடப்பட்டுத் தங்க இடங்காணாமல் திரும்பியதாகவும் வரிகள் காணப்பட்டன. ஆதியாகமத்தில் நோவாவின் கதையைச் சிறுவயதிலேயே கேட்டறிந்த எவருக்கும் உள்ளம் துள்ளாதிருக்குமா? எனினும் ஏட்டின் ஒரு பகுதியைக் கட்டியான உப்புப் படிவம் மறைத்திருந்தது. அதனை நீக்கவல்லவராகிய ராபர்ட் ரெடி என்பார் அப்பொழுது ஊரில் இல்லை. அவர் வரும்வரையில் ஸ்மித் பட்ட பாடு பெரிது. ஏடு தூய்மை செய்யப்பெற்றுக் கைக்கு வந்து, தாம் கருதியது மெய்யே எனக் கண்டதும், அவர் எழுந்து அறையில் அங்குமிங்கும் ஓடி, தம் உடைகளைக் களையத் தொடங்கினார் எனப் பட்ஜ் என்னும் அறிஞர் பல்லாண்டுகளுக்குப் பின் எழுதியுள்ளார். அடக்கமே உருவான ஸ்மித் இங்ஙனம் செய்திருப்பரோ எனச் சிலர் ஐயுறுவர். நாம் நம்பவே விரும்புகிறோம்.

அவ்வாண்டு டிசம்பர் 3 ஆம் நாள், முதலமைச்சர் கிளாட்ஸ்டனும் வீற்றிருந்த அவையில், ஸ்மித் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். வேதத்தின் உண்மைக்குச் சான்று கிடைத்தது என ஒரு சாரார் மகிழ்ந்தனர். வேதக்கதைக்கு முன்னரே வேறொரு கதை இருந்தது என மறு சாரார் வாதித்தனர். ஸ்மித்துக்கோ இருதிறத்தார் வழக்கினும் ஏட்டின் உடைந்த பகுதியே பெருங்கவலை. கில்காமெஷ் என்னும் வீரனைப் பற்றிய பெருங்காப்பியத்தின் பன்னிரண்டு ஏடுகளுள் அது பதினோராவது என்பது இன்று தெளிவு. ஸ்மித் அவ்வீரன் பெயரை இஸ்துபார் எனப் படித்தார். முன் சென்றவர்க்கு இத்தகைய பிழை இயல்பே.

அப்பொழுது டெய்லி டெலிகிராப் என்னும் செய்தித்தாளார், எஞ்சிய பகுதியைத் தேடிவர 1,000 கினி கொடுக்க முன்வந்தனர். இதனைத் தூண்டியவர் எட்வின் ஆர்னல்டு. இவர் முன்னர் நம் நாட்டிற் பூனாக் கல்லூரியில் தலைமையாசிரியராக இருந்தவர்; புத்தர் பெருமான் வரலாற்றைப் பின்னர்ப் பாடிப் புகழ்பெற்றவரும் இவரே. 1873 ஜனவரியில் ஸ்மித் புறப்பட்டார். அதுகாறும் தாம் படித்த ஏடுகள் பிறந்த நாட்டை அவர் கண்டதில்லை. குயுஞ்சிக்கில் அகழத் தொடங்கிய ஒரு வாரத்துள், மே 14 ஆம் நாள், அன்றைய மண்ணிலிருந்து எடுத்த துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பிரளயக் கதையின் பதினேழு வரிகள் கிடைத்தன. மலையளவு குப்பையில் ஒரு சிறு துண்டு! இச்செய்தியைத் தந்தி மூலம் அறிவித்தார். பத்திரிகையார் அதனை அச்சிட்டபோது, அகழ்வதற்குரிய பருவம் முடிவதாக அவர் எழுதாத சொற்கள் சில புகுந்திருந்தன. வேண்டியது கிடைத்துவிட்டதென அவர்கள் அமைதியுற்றனர். ஸ்மித் வருத்தத்துடன் திரும்பினார். அத்துண்டு அக்காப்பியத்தின் பகுதியன்று, அதே பிரளயத்தைக் கூறும் மற்றொரு பழங்கதையைச் சேர்ந்தது என்பதைப் பிற்கால அறிஞரே அறிந்தனர்.

மியூசியத்தாரே அவரை மீண்டும் அனுப்பினர். 1876 இல் அவர் மூன்றாம் முறை சென்றபோது காலம் அவருக்குப் பகையாயிற்று. துருக்கி அரசாங்கத்தின் அனுமதி பெறுதற்கே பல திங்கள் கழிந்தன. நாட்டிலே கொள்ளைநோய் பரவியிருந்தது. உடன் சென்ற பின்லாந்து நாட்டு அறிஞர் ஏனெபெர்க் இறந்தார். கோடை முற்றிவிட்டமையால் அகழ்தல் இயலவில்லை. பாலைவழியே திரும்புகையில் ஸ்மித் வயிற்றுக்கடுப்பு நோயால் வீழ்ந்தார். மருத்துவர் இல்லாத சிற்றூரொன்றிற் கிடந்தபோது அவர் எழுதிய நாட்குறிப்பில், தம் உழைப்பு முழுவதும் தாம் கற்ற கலைக்காகவே என்பதையும், சாவுக்கு அஞ்சாவிடினும் குடும்பத்துக்காக வாழ விரும்புவதையும் குறித்துள்ளார். பயிற்சியாலும் உடலாலும் பாலைநிலத்துக்கு ஏலாத ஒருவரை, ஏடுகளின் நடுவே இருத்தி வைத்திருக்க வேண்டியவரை, கொடுங்கோடையில் ஆங்கே இருக்கவிட்டது பெரும் பிழை என்றே நாம் கருதுகிறோம்.

அலெப்போ நகருக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தனர். அங்கே ஆகஸ்டு 19 ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் அவர் காலமானார். ஆதியாகமக் கதைகளையும் அவற்றோடொத்த கல்தேயக் கதைகளையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் அவ்வாண்டிலேதான் வெளிவந்திருந்தது. அவர் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் விக்டோரியா மகாராணியார் ஆண்டொன்றுக்கு 150 பவுன் அளிக்க ஆணையிட்டார். அவர் கைப்பட்ட ஏடு பிரிட்டிஷ் மியூசியத்தில், அவர் நண்பகல் தோறும் ஓடிவந்த அதே கட்டடத்தில் இருக்கிறது.