தானே ஆங்கிலம் பயின்ற புகுஸாவா யுகிச்சி

கல்வி கற்க விரும்பியும் ஆசிரியர் வாய்க்கவில்லை, பள்ளிக்கூடம் கிட்டவில்லை, புத்தகம் வாங்கப் பொருளில்லை என்று சொல்லி வாளாவிருப்போர் எத்தேசத்தும் உளர். அவர்கள் கூறும் குறைகள் பொய்யல்ல. எனினும், அவ்விதக் குறைகள் சூழ்ந்திருந்தும், அந்நிய பாஷையொன்றை வீட்டிலிருந்தபடியே அகராதியின் துணைகொண்டு கற்று, அக்கல்வியைத் தம் தேசத்தார்க்கெல்லாம் பொதுவாக்கிய ஒருவருடைய சரித்திரத்தை நம் நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். ஜப்பான் தேசத்துப் புகுஸாவா யுகிச்சி என்பவரே அவர்.

இவர் 1835-ம் வருஷம் ஜனவரி மாதம் 10-ந் தேதி ஒஸாகா நகரிற் பிறந்தார். தந்தையார் ஹியாகுஸுகே என்பவர் நகாட்ஸு சமஸ்தானத்துப் பிரபுவின்கீழ் ஊழியம் புரிந்த ஸாமுராய் குலத்தினர். ஸாமுராய் என்போர் வாள் தரிக்கும் உரிமை பெற்ற போர்வீரர். அக்குலத்துள்ளும் மேற்படி, கீழ்ப்படி என்னும் வேற்றுமை கல்லில் வெட்டியதுபோல் இருந்தது. மேற்படிச் சிறுவனிடத்தும் கீழ்ப்படி முதியவர் பணிந்தே பேசுதல் வேண்டும். இருதிறத்தாரும் ஒருவர்க்கொருவர் பெண் கொடுப்பதும் கொள்வதும் பெரும்பாலும் இல்லை. ஹியாகுஸுகே சீன நூல்களிற் புலமை மிக்கவர். ஆயினும் கீழ்ப்படியிற் பிறந்தமையால், பிரபுவின் பண விவகாரங்களை ஒஸாகா வர்த்தகரோடு பேசித் தீர்க்கும் விருப்பமற்ற உத்தியோகத்திலேயே அவர் வாழ்நாள் கழிந்தது. தம் இளைய குமாரனைப் பௌத்த மடத்திற் சேர்த்துத் துறவியாக்கிவிடவேண்டுமென்று அவர் சொல்லி வந்தனர். பிறப்பைக் கேளாமல் ஒருவனை உயர விடும் வாயில் அந்நாளில் மடத்து வாயில் ஒன்றே. குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போது தந்தையார் இறந்தார். அவர் அவ்வாறு எண்ணியதன் காரணத்தைப் பிற்காலத்தில் உணர்ந்த யுகிச்சி, அத்துயரை ஆயுள் முழுதும் மறந்தாரில்லை.

விதவையான தாயார் ஐந்து மக்களுடன் நகாட்ஸுவுக்குத் திரும்பினார். வறுமையால் யுகிச்சி பதினான்கு, பதினைந்து வயதளவிலேதான் எழுத்துப் பயிலத் தொடங்கினார். 1853-ம் வருஷத்தில் அமெரிக்கக் கப்பற்படை ஜப்பான் கரையை அடைந்து கதவைத் திறக்கச் சொல்லிற்று. பீரங்கி வித்தை கற்கவேண்டுமென்ற பரபரப்பு எங்கும் எழுந்தது. அதற்குமுன் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியருள் டச்சுக்காரர் மாத்திரமே நாகஸாகித் துறைமுகத்தில் வியாபாரஞ்செய்ய அனுமதி பெற்றிருந்தனர். ஆதலின், மேனாட்டு வைத்தியமாயினும் பீரங்கி வித்தையாயினும் டச்சு பாஷை வாயிலாகவே அறியக்கூடியதாயிருந்தது. யுகிச்சி 1854-ல் நாகஸாகிக்குச் சென்று அப்பாஷையைத் தொடங்கினார். மறுவருஷம் ஒஸாகாவில் ஓகாட்டா கோவான் என்னும் வைத்தியர் நடத்திய பள்ளியிற் சேர்ந்தார்.

1856-ல் தமையனார் இறந்தார். குடும்பத்துக்கு 40 ரியோ கடன் இருந்தது. தந்தையார் அரிதிற் சேர்த்த புத்தகங்களையும் வீட்டுப் பண்டங்களையும் விற்றுக் கடனைத் தீர்த்தனர். குடும்பத் தலைமை இவர்மேல் வந்தமையால் இவர் ஊரிலேயே தங்கவேண்டுமென்று உறவினர் வற்புறுத்தினர். தாயார் ஒருவர் மாத்திரம், மகன் கற்கப் போகட்டுமென்று விடைகொடுத்தார். முதுமையில் தனித்திருக்க அவர் இசைந்திராவிடில் இச்சரித்திரத்தில் மேலே எழுதுவதற்கு ஒன்றுமிராது.

ஓகாட்டாவின் பள்ளியில் மாணவர் பலர். அவர்களுக்கெல்லாம் பொதுவாகக் கையெழுத்துப் பிரதியான டச்சு அகராதி ஒன்றே இருந்தது. அது ஓர் அறையில் வைக்கப்பட்டிருக்கும். அவ்வறையை விட்டு அதனை வெளியே எடுத்துச் செல்லலாகாது. மாதத்தில் ஆறுமுறை நடக்கும் வாசிப்புப் பரீட்சைக்கு முந்தைய இரவுகளில் மாணவர் அதனைச் சூழ்ந்து விடியுமளவும் விழித்திருப்பர். பாடத்தைத் தாமே பெயர்த்தெழுதி, தாமே பொருள் காணுதல் வேண்டும். பிறரைக் கேட்டல் இழுக்கென்று கருதப்பட்டது. யுகிச்சி ஒருகால் நோயுற்றுத் தலையணையைத் தேடியபோது, தம்மிடம் தலையணையே இல்லையென்பது அப்பொழுதுதான் அவர் நினைவுக்கு வந்ததாம். இரவும் பகலும் படித்துச் சோர்ந்தவிடத்துச் சாய்ந்து உறங்குவதல்லது, படுக்கை விரித்துப் படுக்கும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. 1857-ல் அவர் அப்பள்ளி மாணவர்க்குத் தலைவரானார். 1858-ல் பிரபுவின் ஆணைப்படி, இன்று டோக்கியோ எனப்படும் யெடோ நகரத்துக்குச் சென்று, டச்சு பாஷை போதிக்கும் சிறு பள்ளியொன்றைத் தொடங்கினார்.

இஃதிவ்வாறாக, 1859-ல் யோக்கஹாமாத் துறைமுகம் அந்நிய வர்த்தகருக்குத் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருஷம் கற்ற பாஷையைப் பேசிப் பார்க்க எண்ணிய யுகிச்சி, நள்ளிரவிற் புறப்பட்டு நடந்தே அங்குச் சென்றார். அவர் பேசியதை அங்கிருந்த அந்நியர் அறிந்திலர்; அவர்கள் பேசியதை இவர் அறிந்திலர். கடைகளின் பெயர்ப்பலகைகளையும் புட்டிகளின்மேல் ஒட்டியிருந்த சீட்டுகளையும் இவரால் வாசிக்கக் கூடவில்லை. டச்சு எழுத்தறிந்த கடைக்காரர் ஒருவரோடு எழுதிக் காட்டிச் சிறிது பேசியதோடு சரி. மறுநாள் நள்ளிரவில் இருப்பிடஞ் சேர்ந்தார். கால்களின் சோர்வினும் மனச்சோர்வே மிகுதியாயிருந்தது. தந்தையின் நூல்களை விற்றும், தாயைத் தனியே விட்டும், உறக்கம் துறந்தும் தேடிய பொருள் செல்லாக் காசாயிற்றென்று கண்டவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

அச்சோர்வு ஒருநாளே நின்றது. அங்கு வழங்கிய பாஷை ஆங்கிலமே என்றும், இனி உலகத்தோடு உறவாடவேண்டுவோர்க்கு அதுவே வேண்டுமென்றும் அவர் துணிந்தார். இருபத்தைந்தாம் வயதில், தமக்கே மாணாக்கர் பலர் இருக்க, மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்கினார்.

முதலில் ஆசிரியரைத் தேடினார். ஆங்கிலம் சிறிதறிந்த மொரியாமா என்னும் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் யெடோவில் இருந்தார். அந்நிய தேசத்தாரோடு உடன்படிக்கைகள் நடந்துகொண்டிருந்த காலமாதலின் அவருக்கு ஓய்வில்லை. விடியற்காலையில் வரச்சொல்வார், சென்றால் யாரேனும் காத்திருப்பர். மாலையில் வரச்சொல்வார், சென்றால் அரசாங்க அழைப்பு வந்திருக்கும். கள்வர் அச்சமுள்ள இருண்ட வெளியைக் கடந்து இரண்டு மூன்று மாதம் நடந்தும் கற்றது சொற்பமே. அடுத்து, அரசாங்கத்தார் அந்நிய நூல்களை ஆராய ஏற்படுத்திய கலாசாலையில், அங்கு அகராதி உண்டென்று கேட்டுச் சேர்ந்தார். அகராதியை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாதென்றனர். பகலெல்லாம் அங்கு வந்திருக்க இயலாதாகையால் ஒரே நாளில் விலகினார். பின்னர், யோக்கஹாமா வர்த்தகர் ஒருவர் மூலமாக ஆங்கில-டச்சு அகராதியொன்றை வருவித்தார். அதன் விலை 5 ரியோ. சமஸ்தானத்தாரை வேண்டி அத்தொகையைப் பெற்றார். அந்நாள் முதல் அவ்வகராதியே அவருக்கு ஆசிரியராயிற்று.

தனியே கற்பவனுக்கு ஊக்கந் தளராதிருக்கத் துணை வேண்டுமென்று அவர் அறிந்திருந்தார். டச்சு கற்ற நண்பர் ஒருவரை அழைத்தார். அவர் தாமும் முயன்று அலுத்தமையால், பின்னொரு காலம் பார்க்கலாமென்றார். முராட்டா ஸோரொகு என்னும் வேறொருவரோ, வேண்டிய நூல்கள் யாவும் டச்சு மொழியிலே பெயர்க்கப்பட்டு வருமாதலின் புதிய பாஷை வேண்டுவதில்லையென்று மறுத்துவிட்டார். இந்த முராட்டாவே பிற்காலத்தில் ஓமூரா மஸுஜிரோ என்னும் பெயரோடு ஜப்பானியச் சேனையைப் புதுமுறையில் அமைத்தவர். அறிவுடையோர்க்கும் பழைய கல்வியை விட்டு மீண்டும் பாலராதல் எத்துணை அரிதென்பது இதனால் விளங்கும். மூன்றாவதாகக் கேட்கப்பட்ட ஹராடா என்பவர் மகிழ்ந்து இசைந்தார்.

இருவரும் கற்ற முறை வருமாறு. ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் அகராதியைப் பார்த்து, அதனை டச்சு வாக்கியமாக எழுதுவர். பின் அதிலிருந்து பொருளைக் காண்பர். இவ்வாறு பொருள் ஒருவாறு விளங்கிற்று. உச்சரிப்பே விளங்கவில்லை. அதற்கு அவர்கள் கண்ட வழிதான் நாம் சிந்திக்கத்தக்கது. நாகஸாகியிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் ஆங்கிலம் அறிவானென்று கேட்டு, அச்சிறுவனிடம் சென்று பாடங்கேட்டனர். புயலில் அகப்பட்டு அந்நியக் கப்பலால் மீட்கப்பட்டுப் பலநாள் கழித்து ஊர் திரும்பும் மீனவர் எவரேனும் வந்தாரெனில், அவர் தங்கியிருக்கும் சத்திரத்தைத் தேடிச் சென்று, இச்சொல்லை எவ்வாறு சொல்வர், அச்சொல்லை எவ்வாறு சொல்வர் என்று வினவினர். வாள் தரித்த குலத்தவர், மாணாக்கர் பலர்க்கு ஆசிரியர், சிறுவன் முன்னும் வலைஞர் முன்னும் அமர்ந்து கற்றனர் என்பதை, அக்காலத்து ஜப்பானியக் குலக் கட்டுப்பாட்டை அறிந்தோரே முற்றும் வியப்பர். குலத்தில் மேல் கீழ் என்பதை அவர் நூலெழுதிக் கண்டிப்பதற்கு முன்னரே, கற்குமிடத்து அதனை ஒதுக்கி வைத்துவிட்டார்.

நாளடைவில் மற்றொன்றும் புலனாயிற்று. டச்சும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்துப் பாஷைகள். இலக்கண அமைப்பும் பல சொற்களும் நெருங்கியவை. வீணாயிற்றென்று எண்ணிய ஐந்து வருஷக் கல்வி வீணாகவில்லை. புதிய பாஷைக்கு அதுவே ஏணியாயிற்று.

1860-ல் ஜப்பானியர் தம் கான்ரின் மாரு என்னுங் கப்பலை அமெரிக்காவுக்கு அனுப்பினர். அதன் தலைவருள் ஒருவரான கிமுராவுக்குப் பணியாளாக வர அனுமதி வேண்டிப் பெற்று, யுகிச்சி அதிற் சென்றார். ஸான் பிரான்ஸிஸ்கோவில் தந்தி, இயந்திரம் முதலியவற்றைக் காட்டியபோது அவர் வியப்புறவில்லை. அவற்றை நூல்களில் முன்னரே கற்றிருந்தார். மக்களின் வாழ்க்கை முறையே அவருக்கு விளங்கவில்லை. வாஷிங்டனுடைய சந்ததியார் இப்போது எந்நிலையில் இருக்கின்றனரென்று அவர் ஒருவரை வினவ, அவர் தாம் சரியாக அறியாரென்று சாதாரணமாக விடையிறுத்தார். நாட்டை நிறுவியவர் வழியினரை எவரும் பொருட்படுத்தாத தேசமும் உண்டென்பது எந்த அகராதியிலும் அவர் காணாத செய்தி. திரும்புகையில் வெப்ஸ்டர் அகராதியொன்றை வாங்கி வந்தார். அவ்வருஷமே, சீனர் ஒருவர் எழுதிய ஆங்கிலச் சொற்கோவைக்கு ஜப்பானிய எழுத்தில் உச்சரிப்பும் பொருளும் சேர்த்து வெளியிட்டார். தாம் மீனவரைத் தேடி அலைந்தது போலப் பின்வருவோர் அலையாதிருக்க இது வழி செய்தது.

1862-ல் ஐரோப்பாவுக்கும், 1867-ல் மீண்டும் அமெரிக்காவுக்கும் சென்று, கிடைத்த பொருளையெல்லாம் ஆங்கிலப் புத்தகங்களாக்கிக் கொணர்ந்தார். மேனாட்டு வைத்தியசாலை, தபால், வங்கி, சட்டசபை முதலியவை இன்னவையென விளக்கி 1866 முதல் அவர் வெளியிட்ட நூல் ஜப்பான் முழுதும் பரவியது. எளியோர்க்கும் புரியும் நடையே வேண்டுமென்பது அவர் விரதம். 1868-ல் தம் பள்ளிக்குக் கெய்யோ கிஜுகு என்று பெயரிட்டார். அவ்வருஷம் யெடோவில் உள்நாட்டுப் போர் மூண்டு, உவேனோக் குன்றில் பீரங்கிகள் முழங்கிய நாளிலும், எஞ்சியிருந்த மாணவர்க்குப் பொருளாதார நூலொன்றை ஆங்கிலத்திற் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தார். அப்பள்ளி இன்று பெரிய சர்வகலாசாலையாக விளங்குகின்றது. 1872 முதல் 1876 வரை பதினேழு பகுதிகளாக அவர் வெளியிட்ட, கல்வியை ஊக்கும் நூலின் மையக் கருத்து, மக்களுள் உயர்வு தாழ்வு பிறப்பினால் வருவதன்று, கற்றலாலும் கல்லாமையாலுமே வருவது என்பதாம். மடத்து வாயில் ஒன்றையே தன் மகனுக்குக் கண்ட தந்தைக்கு, மகன் அளித்த விடை அது.

அவர்பாற் குறை இல்லையென்று கூறுதல் உண்மையாகாது. 1882-ல் அவர் தொடங்கிய பத்திரிகையில் 1885-ல் வெளிவந்து, அவர் எழுதியதென்றே பெரும்பாலோர் கொள்ளும் தலையங்கம், சீனத்தையும் கொரியாவையும் பின்தங்கியனவென்று ஒதுக்கியது. 1894-ல் சீனத்தோடு மூண்ட போரையும் அவர் ஆதரித்தார். தன் தேசத்துக்குள் மேல் கீழ் கூடாதென்றவர், தேசங்களுக்குள் அதனை ஒப்பியது வருந்தத்தக்கதே. 1901-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ந் தேதி அவர் காலமானார். 1984 முதல், 2024-ல் புதிய நோட்டு வெளிவரும்வரை, ஜப்பானின் 10,000 யென் நோட்டில் அவர் உருவமே பொறிக்கப்பட்டிருந்தது.

அன்பர்களே! வீட்டிலிருந்து ஆங்கிலமோ பிறிதொரு பாஷையோ பயில முயலும் நம் இளைஞர், ஆண்மக்களாயினும் பெண்மக்களாயினும், இவர் சரித்திரத்திற் கொள்ளத்தக்கவை சில உள. நல்ல அகராதி ஒன்றை எப்பாடுபட்டேனும் கையில் வைத்திருங்கள். உடன்கற்கும் தோழர் ஒருவரேனும் இருக்கட்டும். முன்பு கற்றதை வீணென்று எறியாமல் அதன்மேல் நின்று ஏறுங்கள். உச்சரிப்பும் வழக்கும் அறிந்தவர் வயதில் இளையவராயினும், வேறு குலத்தவராயினும், கூலி வேலை செய்பவராயினும், அவரிடம் சென்று கேட்க நாணாதீர்கள். ஆசிரியர் கிட்டாதபோது நம்மைத் தடுப்பது பெரும்பாலும் ஆசிரியர் இன்மையன்று. இன்னாரிடம் கற்பதா என்னும் எண்ணமே.