தோல்வி அறியாத் தோள்கள்: ராக்கி மார்சியானோவின் வாழ்வு

தோற்றுவாய்

வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த பெருமக்களை ஒரே தராசில் நிறுத்திப் பார்க்கும் ஆசை மாந்தர்க்கு இயல்பாகவே உண்டு. கம்பரா, இளங்கோவா என்று பட்டிமன்றம் நடத்தி மகிழ்பவர்கள் நாம். குத்துச்சண்டையை விரும்புவோரிடையேயும் இத்தகைய வழக்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. ஜாக் ஜான்சன், ஜாக் டெம்ப்சி, ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, முஹம்மது அலி ஆகியோர் தத்தம் இளமை வலிமையோடு ஒரே மேடையில் ஏறியிருந்தால் வென்றிருப்பவர் யார் என்பதே அவ்வழக்கு.

1980ஆம் ஆண்டு சென்னைக்கு வருகை தந்து, நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் பங்குகொண்ட முஹம்மது அலியை நம் மூத்தோர் நன்கறிவர். ராக்கி மார்சியானோவை அறிந்தோர் நம்மிடையே சிலரே. ஆயினும், நாம் மேலே கூறிய வழக்கின் நடுவே நிற்பது அவருடைய வாழ்வேயாகும். தோல்வியே காணாது ஓய்வுபெற்றதும், இறந்த பின்னரும் ஒரு போட்டியில் வென்றவராக அறிவிக்கப்பட்டதும் அவருக்கு வாய்த்த தனித்தன்மைகள். அவ்வாழ்வைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்னும் ஊர் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கு 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ராக்கோ மார்கெஜியானோ பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். தந்தையார் முதல் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பியவர். காலணித் தொழிற்சாலையில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர். குழந்தைப் பருவத்திலேயே கடும் நிமோனியாக் காய்ச்சலுக்கு ஆளாகி உயிர் பிழைத்தார் ராக்கோ. தந்தையார் அன்றாடம் களைத்து வீடு திரும்பும் கோலம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அத்தொழிற்சாலையில் தம் வாழ்வைக் கழிப்பதில்லை என்னும் உறுதி அப்போதே அவருக்குப் பிறந்தது.

பேஸ்பால் ஆட்டத்தில் புகழ்பெற வேண்டும் என்பதே அவருடைய முதற்கனவு. 1943ஆம் ஆண்டு படைப்பணிக்கு அழைக்கப்பட்ட அவர், அங்கேதான் குத்துச்சண்டையில் ஈடுபடலானார். போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டு பேஸ்பால் அணி ஒன்றின் தேர்வுக்குச் சென்றார். தகுதி போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டார். மூடப்பட்ட அந்த ஒரு கதவே, அவரை மற்றொரு வாயிலுக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

குறையே நிறையாதல்

குத்துச்சண்டை வல்லுநர் பலர் அவரிடம் கண்டவை குறைகளே. அவர்தம் உயரம் ஏறத்தாழ ஐந்தடி பத்து அங்குலம். விரித்த கைகளின் நீளம் 68 அங்குலத்திற்கு மேற்படாது. எடையோ 185 பவுண்டு அளவினது. அதிக எடைப் பிரிவுக்கு இவை மிகச் சிறிய அளவுகள். மேலும், அவர் களத்திற்கு வந்ததும் காலங்கடந்தே ஆகும். 1948ஆம் ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் முழுமையாக இறங்கியபோது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

சார்லி கோல்ட்மன் என்னும் முதிய பயிற்சியாளர் அவரை ஏற்றுக்கொண்டார். குட்டையான கைகளை நீட்டமுடியாது. ஆகவே மேலும் குனிந்து எதிரியின் நெஞ்சருகே புகுந்து தாக்கக் கற்பித்தார். உயரக்குறைவே இவ்வாறு ஒரு படைக்கலமாயிற்று. நாள்தோறும் பல மைல் ஓடியும், போட்டிக்கு முன் பல வாரங்கள் குடும்பத்தைப் பிரிந்து பயிற்சி முகாமில் தங்கியும் உடலைக் கட்டிக் காத்தார் மார்சியானோ. இறுதிச் சுற்றிலும் முதற் சுற்றின் வேகத்தோடு நிற்பவர் என்னும் பெயர் இவ்வுழைப்பினால் வந்தது.

வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. 1949 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கில் அவரிடம் வீழ்ந்த கார்மைன் விங்கோ என்னும் இளைஞர் நினைவிழந்து உயிருக்குப் போராடினார். அவர் பிழைத்தெழுந்தார், எனினும் மீண்டும் மேடையேற இயலவில்லை. தம் கைகளின் வலிமையைக் கண்டு மார்சியானோவே அஞ்சி வருந்திய நாள்கள் அவை.

இரு காலங்கள் மோதிய இரவு

1937 முதல் 1949 வரை உலகப் பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்து, இருபத்தைந்து முறை அதனைக் காத்தவர் ஜோ லூயிஸ். மார்சியானோவின் இளமைக்கால வீரநாயகரும் அவரே. உலகப் போரின்போது தம் போட்டி வருவாயைப் படைவீரர் நல நிதிக்கு வழங்கிய அப்பெருந்தகை, பின்னாளில் வரிக்கடனால் நெருக்குண்டு, ஓய்விலிருந்து மீண்டும் மேடையேற நேர்ந்தது. 1951 அக்டோபர் 26 அன்று இருவரும் எதிரெதிர் நின்றனர். லூயிசுக்கு அகவை 37; மார்சியானோவுக்கு 28. எட்டாம் சுற்றில் லூயிஸ் கயிறுகளுக்கு வெளியே சரிந்தார். வென்றவர், தோற்றவரின் அறைக்குச் சென்று கண்ணீர் வடித்தார்.

இரு காலத்து வீரர்கள் மோதினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்வோர்க்கு, மெய்யாகவே நடந்த இப்போட்டி ஒரு பாடமாகும். அன்று லூயிசை வென்றதில் மார்சியானோவின் கரங்களுக்குப் பங்குண்டு, காலத்திற்கும் பங்குண்டு. இரண்டையும் பிரித்தளக்க எந்தக் கோலும் இல்லை.

பட்டமும் பதின்மூன்றாம் சுற்றும்

1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் உலகப் பட்டத்திற்கான போட்டி நடைபெற்றது. முதற் சுற்றிலேயே மார்சியானோ வீழ்த்தப்பட்டார். தொழில்முறை வாழ்வில் அவர் தரையைத் தொட்டது அதுவே முதன்முறை. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளிக்கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் அவருடைய வலக்கை வீச்சு ஒன்று வால்காட்டைச் சாய்த்தது. மார்சியானோ உலக வாகையர் ஆனார்.

இங்கு ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அந்நாளில் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றுகள் கொண்டவை. 1980களில் அவை பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. இன்றைய விதிப்படி அப்போட்டி நடந்திருந்தால் மார்சியானோ புள்ளிகளால் தோற்றிருப்பார். அவ்வாறே, இன்று அவருடைய எடை அதிக எடைப் பிரிவிற்கே எட்டாது. அதற்குக் கீழ்ப்பட்ட, 200 பவுண்டை எல்லையாகக் கொண்ட குரூஸர் எடைப் பிரிவில்தான் அவர் நிற்பார். விதியும் அளவும் மாறிவிட்ட பின் வீரரை மட்டும் தூக்கி வந்து நிறுத்துவது எங்ஙனம்?

பட்டத்தை அவர் ஆறு முறை காத்தார். 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்லஸுடன் பொருதபோது மூக்கு பிளந்து குருதி கொட்டியது. போட்டி நிறுத்தப்படும் நிலையில் எட்டாம் சுற்றில் எதிரியை வீழ்த்தினார். 1955 செப்டம்பர் 21 அன்று ஆர்ச்சி மூரிடம் இரண்டாம் சுற்றில் வீழ்ந்து எழுந்து, ஒன்பதாம் சுற்றில் வென்றார். அதுவே இறுதிப் போட்டி. 1956 ஏப்ரலில், முப்பத்திரண்டாம் அகவையில், ஓய்வை அறிவித்தார். 49 போட்டிகள், 49 வெற்றிகள். அவற்றுள் 43 எதிரியை எழவிடாது செய்தவை. முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1985இல், 48 வெற்றிகளோடு வந்த லாரி ஹோம்ஸ் அவ்வெண்ணிக்கையைத் தொட முயன்று தோற்ற நாளும் செப்டம்பர் 21ஆகவே அமைந்தது வியப்பிற்குரியது.

கணிப்பொறி நடத்திய போட்டி

1967ஆம் ஆண்டு மர்ரி வோரோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர், பல காலத்து வீரர்களைப் பற்றிய விவரங்களைக் கணிப்பொறியில் இட்டு, கற்பனைப் போட்டிகளை வானொலியில் ஒலிபரப்பினார். இறுதியில் டெம்ப்சியை மார்சியானோ வென்றதாக முடிவு வந்தது. ஜிம் ஜெஃப்ரிசிடம் முஹம்மது அலி தோற்றதாகவும் அறிவிக்கப்பட்டது. அலி வெகுண்டு, பத்து இலட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்.

அலியின் அன்றைய நிலையை நாம் மறக்கலாகாது. 1964இல் தாம் இஸ்லாத்தை ஏற்றதை உலகறியச் செய்தவர் அவர். 1967 ஏப்ரலில், வியத்நாம் போருக்கான படைச் சேர்க்கையைத் தம் சமய நம்பிக்கையின் பெயரால் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, மேடையேறும் உரிமமும் போயிற்று. உடல் வலிமை உச்சத்தில் இருந்த மூன்றாண்டுகளுக்கு மேல் வீணாயின. வழக்கை விட்டுக்கொடுத்து, மார்சியானோவுடன் ஒரு கற்பனைப் போட்டிப் படத்தில் நடிக்க அவர் இசைந்தார். 

1969ஆம் ஆண்டு மியாமியில் அப்படப்பிடிப்பு நடந்தது. மார்சியானோ ஏறத்தாழ 50 பவுண்டு எடை குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி அணிந்து வந்தார். ஒருவரைக் காலம் மேடையிலிருந்து இறக்கியிருந்தது. மற்றவரை அரசு இறக்கியிருந்தது. அவ்விருவரும் ஒரு நிமிடச் சுற்றுகள் பலவற்றில் பொருதுவது போல் நடித்தனர். வெவ்வேறு முடிவுகள் படமாக்கப்பட்டன. எது உண்மையில் காட்டப்படும் என்பது இருவருக்குமே தெரியாது. நிறத்தாலும் அகவையாலும் வேறுபட்ட அவ்விருவரிடையே அந்நாள்களில் மெய்யான நட்பு மலர்ந்தது.

முடிவை அறியும் பேறு மார்சியானோவுக்கு இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, நாற்பத்தாறாம் பிறந்தநாளுக்கு முந்தைய இரவில், அயோவா மாநிலத்தின் நியூட்டன் அருகே சிறு விமானம் ஒன்று விழுந்து அவர் உயிர் நீத்தார். 1970 ஜனவரி 20 அன்று திரையரங்குகளில் அப்படம் காட்டப்பட்டது. பதின்மூன்றாம் சுற்றில் அலியை மார்சியானோ வீழ்த்துவதாக அது முடிந்தது. நிறத்தால் பிளவுபட்டிருந்த நாட்டில், அம்முடிவு சிலருக்கு விளையாட்டைக் கடந்த மகிழ்ச்சியையும் தந்திருக்கக்கூடும். அதற்கு மறைந்த வீரர் பொறுப்பாகார். அதே ஆண்டு அக்டோபரில் அலி மெய்யான மேடைக்குத் திரும்பினார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது.

முடிவுரை

மெய்யாகப் பொருதியிருந்தால் வென்றிருப்பவர் யார்? ஆறடி மூன்று அங்குல உயரமும் 78 அங்குலக் கைநீளமும் கொண்ட அலியை மார்சியானோ நெருங்கியிருத்தல் அரிது என்பர் பலர். குனிந்து முன்னேறித் தாக்கிய ஜோ ஃபிரேசியர் 1971இல் அலியை வீழ்த்தி வென்றதைச் சுட்டுவர் ஏனையோர். நம் உள்ளம் அலியின்பால் சாய்கிறது. ஆயினும் அதனைத் தீர்ப்பென்று கூற நாம் துணியவில்லை.

வள்ளுவர் வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும், அதனை அடுத்து இடனறிதலையும் வைத்தார். வலிமையை மட்டும் அறிந்தால் போதாது என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகிறது. கணிப்பொறிக்கு வலிமையின் எண்கள் கொடுக்கப்பட்டன. லூயிசின் முதுமையும், அலியிடமிருந்து பறிக்கப்பட்ட ஆண்டுகளும், காலணித் தொழிலாளியின் மகனுடைய உறுதியும் எண்களாக மாட்டா.

நம் கல்லூரி வளாகத்திலும் இத்தகைய ஒப்பீடு அடிக்கடி எழுகிறது. அந்நாளைய மாணவர் போல் இந்நாளைய மாணவர் இல்லை என்று மூத்தோராகிய நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வகுப்பறையில் வந்து அமரும் இளைஞனை எந்தக் காலத்து மாணவனோடு நிறுத்துவது? தம் காலத்தில் தமக்கு எதிரே நின்றோரை எல்லாம் எதிர்கொண்டு, வீழ்ந்தபோதெல்லாம் எழுந்தார் என்பதே மார்சியானோவின் பெருமை. ஒவ்வொருவரையும் அவரவர் காலத்திலும் இடத்திலும் வைத்து அளப்பதே நேர்மை. அந்நேர்மையை நம் மாணவர்க்கும் வழங்குவோமாக.