வாவிலோவுக்குக் கிடைத்த விருதுகள்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. வேளாண்மை, உயிரியல் துறைகளில் நல்ல ஆராய்ச்சி செய்யும் இளைஞர் ஒருவருக்கு இந்த வருஷம் முதல் நம் சங்கம் பரிசு கொடுக்கப் போகிறதாம். அதையொட்டி, புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவருடைய வாழ்க்கையை நான் எழுதித் தர வேண்டுமாம். கூடவே, பரிசுக்கு ஆள் தேடும் குழுவிலும் என் பெயரைப் போட்டுவிட்டார்கள்! யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்ற கவலையோடு உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தவர்தான் வாவிலோவ்.

தாவரவியலோ வேளாண்மையோ படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பயிர்கள் பிறந்த மையங்கள் எட்டு, சொன்னவர் என். ஐ. வாவிலோவ். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் எழுதிவிட்டு மறந்த பாடம். எட்டில் ஏழுதான் எனக்கு எப்போதும் ஞாபகம் வரும், ஒன்று நழுவிவிடும். அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நிக்கொலாய் இவானோவிச் வாவிலோவ் 1887-இல் மாஸ்கோவில் பிறந்தார். அப்பா கிராமத்திலிருந்து வந்து வியாபாரத்தில் முன்னேறியவர். மாஸ்கோ வேளாண்மைக் கல்லூரியில் படித்தபோது இவருக்கு வாய்த்த ஆசிரியர் பிரியானிஷ்னிக்கோவ். மண்ணும் உரமும் அவருடைய துறை. இந்த ஆசிரியரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 1913-இல் வாவிலோவ் இங்கிலாந்து போய், மெண்டலின் விதிகளை உலகுக்கு எடுத்துச் சொன்ன பேட்சனிடம் வேலை செய்தார். பேட்சனைக் கடைசிவரை குருவாகவே நினைத்தார்.

1917-இல் வோல்கா நதிக்கரையிலுள்ள சராத்தோவ் நகரத்தில் பேராசிரியர் ஆனார். (இந்த ஊர்ப் பெயரை மறந்துவிடாதீர்கள். கதை திரும்பவும் இங்கேதான் வரும்.) 1920-இல் அங்கே நடந்த பயிர்ப்பெருக்க மாநாட்டில் அவர் ஒரு விதியை முன்வைத்தார். நெருங்கிய உறவுள்ள பயிர்களில் ஒன்றில் ஒரு மாறுபாடு தென்பட்டால், மற்றொன்றிலும் அதே மாறுபாடு எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள் என்பது அதன் சாரம். கோதுமையில் மீசை உள்ள கதிரும் உண்டு, மீசை இல்லாத கதிரும் உண்டு. அப்படியானால் பார்லியிலும் இரண்டும் இருக்க வேண்டும். மெண்டலீவ் தனிமங்களுக்கு அட்டவணை போட்ட மாதிரி இவர் பயிர்களுக்குப் போட்டுவிட்டார் என்று மாநாடே கொண்டாடியது. அப்போது அவருக்கு வயது 32.

மறு வருஷமே பெத்ரோகிராடுக்கு, பின்னாளில் லெனின்கிராட் ஆன நகரத்துக்கு, அழைக்கப்பட்டார். அங்கிருந்த சிறிய தாவரவியல் அலுவலகத்தை உலகத்தின் மிகப் பெரிய விதைக் களஞ்சியமாக வளர்த்தார். 1924-இல் ஆப்கானிஸ்தான், 1926, 27-இல் மத்தியதரைக் கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும், 1929-இல் மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா, 1930-இல் மத்திய அமெரிக்கா, 1932-இல் தென் அமெரிக்கா என்று கழுதை மேலும் குதிரை மேலும் நடந்தும் அலைந்தார். சந்தைக்குப் போவார், விவசாயி வீட்டுக்குப் போவார், ஒரு கைப்பிடி விதை கேட்டு வாங்கிப் பையில் போட்டு ஊர்ப் பெயரை எழுதுவார். தூக்கம் நாலைந்து மணி நேரம்தான். அவரும் அவருடைய ஆட்களும் 1940-க்குள் சேர்த்த மாதிரிகள் ஏறக்குறைய இரண்டரை லட்சம்.

இதெல்லாம் எதற்கு? ஒரு பயிரில் எங்கே வகைகள் அதிகமோ, அங்கேதான் அந்தப் பயிர் பிறந்திருக்கும் என்று அவர் கருதினார். பின்னால் வந்தவர்கள் இதைத் திருத்தியிருக்கிறார்கள். வகை பெருகிய இடமெல்லாம் பிறந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நோயைத் தாங்கும் குணமோ வறட்சியைத் தாங்கும் குணமோ வேண்டுமானால் எங்கே போய்த் தேடுவது என்பதற்கு இன்றைக்கும் அவர் போட்ட வரைபடம்தான் ஆரம்பம். நம்ம வீட்டுச் சமையலை அந்தப் படத்தில் வைத்துப் பாருங்கள். கத்தரிக்காய் நம் பக்கத்துச் சரக்கு. மிளகாய் மெக்சிகோ. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலை. நம் பாட்டிமார் காலத்திலிருந்து நம்முடையது என்று நினைத்த கேழ்வரகை அவர் வைத்தது எத்தியோப்பிய மையத்தில்!

1926-இல் அவருக்கு லெனின் பரிசு கிடைத்தது. 1929-இல் வேளாண் அறிவியல் அகாடமியின் முதல் தலைவரானார். இதுவரை எல்லாம் நேரான பாதை.

இனி லைசென்கோ வருகிறார்.

உக்ரைனைச் சேர்ந்த விவசாயி மகன். வாவிலோவை விடப் பதினோரு வயது இளையவர். விதையை நனைத்துக் குளிரில் வைத்தால் பருவம் முந்தும் என்ற வெர்னலைசேஷன் முறையைப் பெரிதாகப் பேசியவர். ஏழைக் குடும்பத்துப் பையன், உழைப்பாளி, வித்தியாசமாக யோசிக்கிறான் என்று 1930-களின் தொடக்கத்தில் அவரைப் பாராட்டி மேலே தூக்கிவிட்டவர்களில் வாவிலோவும் ஒருவர். அகாடமி உறுப்பினர் பதவிக்குப் பரிந்துரையும் செய்தார். ஆப்கானிஸ்தான் மலைச்சரிவில் நல்ல கோதுமையைப் பதரிலிருந்து பிரித்த கண், இந்த இடத்தில் ஏமாந்துவிட்டது. பரிசுக் குழுவில் இருக்கும் எனக்கு இதைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

காலமும் லைசென்கோவுக்குச் சாதகமாக இருந்தது. நிலங்களைக் கூட்டுப்பண்ணை ஆக்கிய வேகத்தில் 1932, 33-இல் கொடிய பஞ்சம். ஒரு புதிய ரகம் வர பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று வாவிலோவ் சொல்ல, நான்கைந்து வருஷத்துக்குள் வேண்டும் என்றது அரசு. லைசென்கோ அதையும் விடச் சீக்கிரம் தருகிறேன் என்றார். ஜீன் என்பதே கட்டுக்கதை, மெண்டல் சொன்னது முதலாளிகளின் விஞ்ஞானம் என்றும் சொன்னார். 1935-இல் ஒரு கூட்டத்தில் அவர் பேசியபோது ஸ்டாலினே எழுந்து பாராட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? 1938-இல் வாவிலோவ் ஆரம்பித்து வைத்த அகாடமிக்கு லைசென்கோ தலைவர். மாஸ்கோவில் 1937-இல் நடக்க வேண்டிய உலக மரபியல் மாநாடு தள்ளிப்போய், 1939-இல் எடின்பரோவில் நடந்தது. மாநாட்டுத் தலைவராக வாவிலோவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவரை நாட்டை விட்டு வெளியே விடவில்லை.

1940 ஆகஸ்டு 6. மேற்கு உக்ரைனில் செர்னிவ்ட்ஸி பக்கம் விதை சேகரிக்கப் போயிருந்தார். கறுப்புக் காரில் வந்தவர்கள், மாஸ்கோவில் அவசர வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அன்றைக்கு அவர் சேகரித்திருந்த பைகளில் ஒரு பழங்கால மலைக் கோதுமை இருந்ததைக் கூட வந்தவர்கள் பிறகுதான் பிரித்துப் பார்த்தார்கள். பதினோரு மாதத்தில் நூற்றுக்கணக்கான விசாரணைகள். நாசவேலை செய்தார், வெளிநாட்டு ஒற்றர் என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலை 9-ஆம் தேதி மரண தண்டனை. ரஃபனோபிராசிகா படித்தோமே, முள்ளங்கியையும் முட்டைகோஸையும் இணைத்தாரே கார்ப்பெச்சென்கோ, அவரும் வாவிலோவின் நிறுவனத்து ஆள்தான். அவரை அதே ஜூலை மாதம் சுட்டுக் கொன்றார்கள்.

இங்கேதான் ஆசிரியர் பிரியானிஷ்னிக்கோவ் வருகிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மாணவன் ஜெயிலில் இருக்கிறான். அவனைத் தெரியும் என்று சொன்னாலே ஆபத்து. நெருங்கிய பலர் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பெரியவர் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியாவையே போய்ப் பார்த்து வாதாடினார். அதோடு விடவில்லை. 1941-இல், சிறையில் கிடக்கும் வாவிலோவின் பெயரை ஸ்டாலின் பரிசுக்கு முன்மொழிந்தார்! யாருடைய அரசு அடைத்து வைத்ததோ, அவர் பெயரிலேயே உள்ள பரிசுக்கு. கிடைக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன? அந்த வருஷப் பரிசு பெற்றவர்களில் லைசென்கோ இருந்தார். 1943-இல் அவருக்கு மறுபடியும் கொடுத்தார்கள், 1949-இல் மூன்றாவது தடவை.

ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கியபோது கைதிகளை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். 1941 அக்டோபரில் வாவிலோவ் போய்ச் சேர்ந்தது சராத்தோவ் சிறை. இருபது வருஷத்துக்கு முன் அவரைக் கொண்டாடிய அதே ஊர். அறையில் கூட இருந்த கைதிகளுக்கு அங்கேயும் விஞ்ஞானப் பாடம் நடத்தினாராம். அவர் மனைவி யெலேனா பருலினா, அவரும் பயிர் விஞ்ஞானி, மைசூர்ப் பருப்பு இனத்தில் நிபுணர். மகனோடு அந்தச் சமயத்தில் அதே சராத்தோவில்தான் வறுமையில் இருந்தார். கணவர் மாஸ்கோவில் இருப்பதாக நினைத்து, கிடைத்ததைக் கட்டி மாஸ்கோவுக்குப் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் சில தெருக்கள் தள்ளி இருந்தது கடைசிவரை இவருக்குத் தெரியாது.

1942 ஏப்ரலில் லண்டன் ராயல் சொசைட்டி வாவிலோவை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியாது. ஜூனில் மரண தண்டனையை இருபது வருஷச் சிறையாகக் குறைத்தார்கள். 1943 ஜனவரி 26-ஆம் தேதி, பட்டினியில் உடல் கரைந்து சராத்தோவ் சிறை மருத்துவமனையில் இறந்தார். வயது 55. உலகத்தின் பசி தீர விதை தேடியவர் என்று மேடையில் சொன்னால் அலங்காரப் பேச்சு போலிருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

அதே மாதங்களில் லெனின்கிராடில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1941 செப்டம்பரில் ஜெர்மானியர் நகரத்தை வளைத்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பெரும்பாலானோருக்கு ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி. வாவிலோவின் நிறுவனத்தில் டன் கணக்கில் நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் பருப்பும் பெட்டி பெட்டியாக இருந்தன. காவல் காத்தவர்கள் அங்கே வேலை பார்த்த விஞ்ஞானிகள்தான். எலிகளை விரட்ட ராத்திரியும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். நிலக்கடலை நிபுணர் ஷூக்கின் எழுதும் மேஜையிலேயே செத்துப் போனார். நெல் நிபுணர் இவானோவ் பட்டினியால் இறந்தபோது, அவர் பொறுப்பில் இருந்த ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. ஓட்ஸ் பிரிவில் இருந்த லில்லியா ரோதினாவும் இறந்தார். இவர்களுடைய தலைவருக்கு அரசு வைத்த பட்டம் மக்கள் விரோதி. அந்தப் பட்டம் வந்த பிறகும் அவர் சேர்த்த விதையை இவர்கள் வாயில் போடவில்லை. முற்றுகை முழுசாக விலகியது 1944 ஜனவரி 27-ஆம் தேதி. வாவிலோவ் இறந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது.

1948 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் மரபியலையே தடை செய்தார்கள். முல்லரைத் தெரியுமல்லவா? எக்ஸ்ரே கதிரால் ஜீனில் மாற்றம் வரும் என்று காட்டி நோபல் பரிசு வாங்கியவர். சில வருஷம் வாவிலோவின் அழைப்பில் ரஷ்யாவிலேயே வேலை செய்தவர். அவரும், ராயல் சொசைட்டியின் முன்னாள் தலைவர் ஹென்றி டேலும், சோவியத் அகாடமி தங்களுக்குக் கொடுத்திருந்த உறுப்பினர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அந்த அகாடமிக்குத் தலைவர் யார் தெரியுமா? வாவிலோவின் சொந்தத் தம்பி, இயற்பியல் மேதை செர்கேய் வாவிலோவ். அந்த நாற்காலியில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. திட்டவும் மனம் வரவில்லை.

ஸ்டாலின் 1953-இல் போனார். 1955-இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. யெலேனா உடல் நலிந்த நிலையிலும் கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தொகுக்க உட்கார்ந்தார்; 1957-இல் காலமானார். 1960-களின் இறுதியில் லெனின்கிராட் நிறுவனத்துக்கு வாவிலோவ் பெயரை வைத்தார்கள். ஊர் மறுபடியும் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டாலும், விதைப் பெட்டிகள் அதே கட்டிடத்தில் இருக்கின்றன.

பரிசுக்கு இதுவரை வந்த விண்ணப்பங்களை மேஜை மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். இந்த வாரம் முழுவதும் படிக்க வேண்டும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது அந்த எட்டு மையங்களையும் வரிசையாகச் சொல்ல முடிந்தால், சந்திப்பு அன்று வந்து என்னிடம் சொல்லுங்கள். பின்வரிசையில், மின்விசிறிக்குக் கீழேதான் இருப்பேன்.