நடனமே அவமானம் என்ற காலத்தில் சாதகத்தை விடாதவர்: யார் இந்த பாலசரஸ்வதி?

இன்று தெருவுக்குத் தெரு பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஆட்டத்தை ஒரு பெண் ஆடினால், ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். அந்தக் காலத்தில் சலங்கை கட்டியவர்தான் பாலசரஸ்வதி.

இசை வீட்டுப் பிள்ளை

1918 மே 13 அன்று சென்னையில் பிறந்தார். பாட்டி, புகழ்பெற்ற வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் பாடகி. மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்த சிறுமிக்கு, தானும் ஆடணும் என்று ஆசை. உறவினர்கள் தயங்கினாலும் ஜெயம்மாள் மகள் பக்கம் நின்றார்.

குரு எப்படி?

தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த நட்டுவனார் கந்தப்ப பிள்ளைதான் குரு. கண்டிப்புக்குப் பெயர்போனவர். பரதத்தின் அரிச்சுவடி அடவுகள். ஒவ்வொரு அடவையும் மூன்று காலத்திலும் ஆட வேண்டும். வேகம் இரட்டிப்பானாலும் அரைமண்டி நிமிரக்கூடாது, தாளம் நழுவக்கூடாது. பிசகினால் மறுபடியும் முதலிலிருந்துதான்! இப்படிப் பயின்று, 1925-ல் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நடந்தபோது பாலாவுக்கு வயது 7.

இவ்வளவு சாதகம் எதற்கு?

அதற்கான பதில் அபிநயத்தில் இருக்கிறது. பதம் ஆடும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஆடுபவர் வேறு வேறு பாவம் காட்டணும். அது மனப்பாடம் செய்து வருவதில்லை, மேடையிலேயே பிறப்பது. தாளத்தைக் கால் தானாகப் பார்த்துக்கொண்டால்தான், மனசு பாட்டுக்குள் போக முடியும். பாலா ஆடிக்கொண்டே பாடவும் செய்வார். முறையாகச் சங்கீதம் கற்றதால் வந்த பலன் அது.

சோதனைக் காலம்

தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுத்து, 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. அந்த முறையில் பெண்கள் பட்ட துன்பம் உண்மை. ஆனால் பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்களுக்கு, கூடவே மேடையும் போனது. பலர் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பாலாவுக்கோ குருவும் காலமாகிவிட்டார், உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

1953-ல் சென்னை மியூசிக் அகாடமியின் ஆதரவில் நடனப் பள்ளி தொடங்கினார். குருவின் மகன் கணேசன் அவருக்கு நட்டுவாங்கம் செய்தார். 1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா என வெளிநாட்டு மேடைகள் திறந்தன. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார்.

தேடி வந்த பெருமை

1973-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. இசைக் கலைஞர்களுக்கே தரப்பட்டுவந்த அந்த விருதைப் பெற்ற முதல் நடனக் கலைஞர் இவர்தான். 1976-ல் இயக்குநர் சத்யஜித் ரே 'பாலா' என்ற ஆவணப்படம் எடுத்தார். கடற்கரையில் காற்று சேலையை அலைக்கழிக்க, 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' பாடலுக்கு அவர் அபிநயம் பிடிக்கும் காட்சி அதில் உண்டு. அப்போது வயது 60-ஐ நெருங்கிவிட்டது. 1977-ல் பத்ம விபூஷண் விருது. 1984 பிப்ரவரி 9 அன்று காலமானார்.

அலாரிப்பில் தொடங்கி தில்லானாவில் முடியும் பழைய வரிசையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. கோபுரம் தாண்டி, மண்டபம் தாண்டி கருவறைக்குப் போவது போன்றது அந்த வரிசை என்பது அவர் கருத்து. படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பதை 7 வயதுக்குள்ளேயே அவர் கால்கள் கற்றிருந்தன. அதையே மகள் லட்சுமிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.